காது மிஷின் அக்காவின் லேப்டாப்

காது மிஷின் அக்காவுக்கு வேறொரு பெயர் இருந்தது. அது கடையின் வாடகைப் பத்திரத்தில் இருந்தது, வெளியே புழக்கத்தில் இல்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் காது மிஷின் அக்காதான். அவரைவிட இருபது வயது மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். பாதிப் பேர் அவரிடம் மிஷின் வாங்கியவர்கள் என்பதால் கூப்பிடும்போது தெருமுனை வரைக்கும் கேட்கும்.

கடை முதல் மாடியில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே. முன்னறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சுவரில் காதை இரண்டாக வெட்டிக் காட்டும் படம். பின்னறை சிறியது. சுவர் முழுக்க ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கும். கதவைச் சாத்திவிட்டால் நாம் எச்சில் விழுங்குவது நமக்கே கேட்கும். அங்கேதான் பரிசோதனை. ஹெட்போனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க, கேக்கலைன்னா சும்மா இருங்க" என்பார் அக்கா. சும்மா இருப்பதுதான் யாருக்கும் வராது. பெயிலாகிவிடுவோமோ என்ற பயத்தில் கேட்காத சத்தத்துக்கெல்லாம் கையைத் தூக்குவார்கள். அக்கா சத்தமே கொடுக்காமல் கொஞ்ச நேரம் காத்திருந்து, யார் நிஜமாகத் தூக்குகிறார், யார் மரியாதைக்குத் தூக்குகிறார் என்று பிரித்தெடுத்துவிடுவார்.

இந்தத் தொழிலுக்கு அவர் வந்தது சுற்றுவழியில். பத்தொன்பது வயதில் தமிழ் டைப்ரைட்டிங் படித்து, ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்தார். டாக்டரின் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் பதினான்கு வருஷம் அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. பரிசோதனை செய்யும் பெண் கல்யாணமாகிப் போன வாரம் டாக்டர், "நீ ரெண்டு நாள் பாத்துக்க" என்றார். அந்த இரண்டு நாள் முடியவே இல்லை. பிற்பாடு முறையாக ஒரு வருஷம் படித்துச் சான்றிதழும் வாங்கினார். டாக்டர் ஓய்வுபெற்ற பிறகு சொந்தமாக இந்த மாடியைப் பிடித்தார். அன்றைக்கு வாங்கியதுதான் லேப்டாப்.

அதற்குப் பதினோரு வயது. ஒரு பக்கக் கீலை மருத்துவப் பிளாஸ்திரி பிடித்துக்கொண்டிருந்தது. விசிறி ஓடும் சத்தத்தை அக்கா தன் ஒலிமானியில் அளந்து பார்த்திருந்தார். நாற்பத்தெட்டு டெசிபல். இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் அளவு. அதனால் அதைப் பின்னறைக்குள் மட்டும் விடுவதில்லை.

லேப்டாப்பில் முந்நூற்று நாற்பது பேரின் காதுகள் இருந்தன. ஆளுக்கு ஒரு வரைபடம்: வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. வரைபடத்துக்குக் கீழே குறிப்பு எழுத ஒரு கட்டம். கம்பெனிக்காரர்கள் அதை ஏன் வைத்தார்கள் என்று தெரியாது, அக்கா அதில்தான் வாழ்ந்தார். ஒருவருக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை வரைபடம் சொல்லிவிடும். அவருக்கு எது கேட்க வேண்டும் என்பது கட்டத்தில் இருக்கும். 'சாப்பிடும்போது தன் பல் சத்தம் கேட்கிறதாம், பிடிக்கவில்லை.' 'இடது காதை வலது என்பார். திருத்த வேண்டாம்.' 'மழைச் சத்தம் கேட்டாக வேண்டும். காரணம் சொல்லவில்லை.' இப்படிப் பதினோரு வருஷம்.

மாதத்தின் தொடக்கத்தில் மிஷின் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அடுத்த மாதம் முதல் மிஷின்களைச் சரிசெய்யும் மென்பொருள் புதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் ஓடும், பழையதில் ஓடாது, சிரமத்துக்கு வருந்துகிறோம். அக்கா மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் அவர்கள் வருந்தினார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷமாக லிஃப்ட்டுகளைப் பழுதுபார்த்ததில் உலகத்திலுள்ள எல்லாவற்றையும் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"பழைய லிஃப்ட்டுக்குப் புது பேனல் போடலாம்," என்றார். "ஆனா போட்ட அன்னிக்கு யாராவது ஒருத்தர் உள்ள மாட்டுவாங்க."

"போடாம விட்டா?"

"போடாம விட்டா அதுவா ஒரு நாள் நிக்கும். அப்பவும் ஒருத்தர் மாட்டுவாங்க."

இதிலிருந்து எந்த யோசனையும் கிடைக்காததால் அக்கா லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போனார். ரிப்பேர்காரர் அடிமூடியைத் திறந்தார். உள்ளே தூசி கம்பளி மாதிரி ஒரே துண்டாக வந்தது. அதைக் கவுண்டரில் வைத்து இரண்டு பேரும் சற்று நேரம் பார்த்தார்கள்.

"இது புது சிஸ்டத்தைத் தாங்குமா?" என்று கேட்டார் அக்கா.

"மெமரி கூட்டிப் போட்டாத் தாங்கும். ஆனா பழசு மேலயே ஏத்த முடியாதுக்கா. எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து போடணும். வச்சிட்டுப் போங்க, நாளைக்குத் தர்றேன்."

"நான் பக்கத்துல உக்காந்து பாக்கலாமா?"

"கவுண்டருக்கு இந்தப் பக்கம் யாரையும் விடறதில்லக்கா."

முந்நூற்று நாற்பது பேரின் காதுகளை முன்பின் தெரியாத கவுண்டருக்குப் பின்னால் ஒரு ராத்திரி விட்டுவிட்டுப் போக அக்காவுக்கு மனசு வரவில்லை. மெமரியை மட்டும் போட்டுக்கொண்டு, மற்ற வேலையை எப்படிச் செய்வது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். பதினேழு படிகள். பதினெட்டாவதாக 'பொறுமையாக இருக்கவும்' என்று ரிப்பேர்காரர் எழுதியிருந்தார். அதை அக்கா முதல் படியாக மாற்றி எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடையைத் திறந்தார். முதலில் எல்லாக் கோப்புகளையும் ஒரு வெளி ஹார்ட்டிஸ்கில் நகல் எடுத்தார். பிறகு ஒரு பென்டிரைவில் இன்னொரு நகல். பிறகு இரண்டு நகலும் ஒன்றுதானா என்று பத்து ஆட்களைத் திறந்து சரிபார்த்தார். எல்லாம் இருந்தன, வட்டமும் பெருக்கலும் குறிப்பும். அதன்பிறகுதான் ஆறாவது படிக்கு வந்து, 'எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?' என்று அது கேட்டதற்குச் சம்மதம் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

திரையில் ஒரு எண் தோன்றி மெல்ல ஏறத் தொடங்கியது. பதினொரு மணிக்கு நாற்பது சதவீதம். பன்னிரண்டரைக்கு அறுபத்தொன்று. ஒன்றரைக்கும் அறுபத்தொன்று.

சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்த வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

"இப்ப எத்தனாவது மாடி?"

"அறுபத்தொண்ணு."

"அவ்வளவு உசரத்துக் கட்டடம் எனக்குக் குடுத்ததே இல்ல," என்றார் அவர், கொஞ்சம் மனக்குறையோடு. அப்புறம், "நின்னுடுச்சா?" என்றார்.

"ஒரு மணி நேரமா."

"விசிறி ஓடுதா?"

அக்கா காதைப் பக்கத்தில் கொண்டுபோனார். "ஓடுது."

"அப்ப மோட்டார் உசிரோடதான் இருக்கு. பட்டனைப் போட்டு அமுக்காத. பாதிப் பேர் அப்படித்தான் கெடுக்கறாங்க."

அவர்கள் பட்டனை அமுக்காமல் சாப்பிட்டார்கள். இரண்டேகாலுக்கு எண் யாரையும் கேட்காமல் எழுபத்தெட்டுக்குத் தாவியது. நான்கு மணிக்குத் திரை இருண்டு, வெளுத்து, அக்காவை வரவேற்றது. வரவேற்ற கையோடு கேள்வி கேட்க ஆரம்பித்தது. எந்த மொழி, எந்த விசைப்பலகை, நீங்கள் இருக்கும் இடத்தை நான் தெரிந்துகொள்ளலாமா. கடைசிக் கேள்விக்கு அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தெரிந்து அது என்ன செய்யப் போகிறது.

மிஷின் மென்பொருளை நிறுவி, நகலைத் திரும்ப ஏற்றியபோது ஐந்தரை. முந்நூற்று நாற்பது பெயர்களும் வரிசையாக வந்து நின்றன. முதல் ஆளைத் திறந்தார். சிவப்பு வட்டங்கள் இருந்தன. நீலப் பெருக்கல்கள் இருந்தன. குறிப்புக் கட்டத்தில் மட்டும், எந்த மொழியிலும் சேராத ஆங்கில எழுத்துகள் வரிசைகட்டி நின்றன. நடுநடுவே அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும். யாரோ விசைப்பலகை மேல் உட்கார்ந்து எழுந்த மாதிரி இருந்தது.

இரண்டாவது ஆளைத் திறந்தார். அதே கதை. இருபதாவது ஆளும் அப்படித்தான். ஹார்ட்டிஸ்கிலிருந்து, பென்டிரைவிலிருந்து, எங்கிருந்து ஏற்றினாலும் அப்படித்தான். வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கும்போது வெளியில் நின்று பேசக் கூடாது என்பது அவர் தொழிலில் முதல் பாடம்.

அக்கா கட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எஃப், எச், பெரிய ஜே. அடுத்த ஆளுக்கும் அதே மூன்று எழுத்து. அதற்கடுத்த ஆளுக்கும். தன்னையறியாமல் விரல்களை விசைகளின் மேல் வைத்தார். இடது ஆள்காட்டி விரல். வலது ஆள்காட்டி விரல். பிறகு ஷிஃப்டோடு சேர்த்து மறுபடி வலது ஆள்காட்டி விரல்.

"காது," என்றார்.

"என்ன காது?" என்றார் வீட்டுக்காரர்.

"இது காதுன்னு எழுதியிருக்கு."

வீட்டுக்காரர் திரையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அன்றைய பகல் முழுவதையும் மனதில் ஓட்டிப் பார்த்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

விஷயம் இதுதான். பதினோரு வருஷத்துக்கு முன் அக்கா தமிழ் எழுத ஒரு பழைய எழுத்துருவை லேப்டாப்பில் போட்டு வாங்கியிருந்தார். டைப்ரைட்டரில் எந்த விசையில் எந்த எழுத்தோ அதே விசையில் அதே எழுத்து. அந்த எழுத்துரு இருக்கும்வரை எஃப் என்பது க. அது அழிந்துவிட்டால் எஃப் வெறும் எஃப். நகல் எடுத்தபோது கோப்புகள் எல்லாம் வந்தன, எழுத்துருவை எடுக்க வேண்டும் என்பது பதினேழு படியில் எதிலும் இல்லை. கண்ணுக்கு மறந்துபோனது விரலுக்கு மறக்கவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அக்கா விரலாலேயே கடையை நடத்தினார். ஆள் வந்து உட்கார்ந்ததும் கோப்பைத் திறந்து, விசைகளின் மேல் விரலை வைத்து, அமுக்காமல், ஒவ்வொரு எழுத்தாக நடந்துபோனார். கூரையைப் பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்தார். ஒரு வரிக்கு இரண்டு நிமிஷம் ஆனது. வந்தவர்களில் ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ், அக்கா தன்னுடைய காதுக்காகப் பிரார்த்தனை செய்வதாக நினைத்துத் தானும் கண்ணை மூடிக்கொண்டார்.

மத்தியானம் கீழே இறங்கி ஜெராக்ஸ் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார். ஜெராக்ஸ் கடைக்காரர் எதையும் தூக்கிப் போடாத மனிதர். அவர் கடையில் ஓடாத பிரிண்டர் நான்கு இருந்தன.

"அந்த எழுத்துரு என்கிட்ட எங்கயோ இருக்கும்க்கா. தேடித் தர்றேன்."

"எப்படியாவது சீக்கிரம் குடுங்க. கிடைச்சதும் நேரா மேல வந்துடுங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அக்கா பிற்பாடு நினைத்தார்.

செவ்வாய் பதினொரு மணிக்கு டைம்கீப்பரும் அவர் மனைவியும் வந்தார்கள். டைம்கீப்பர் பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் மனைவி முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழும் குரல். அந்தக் காலத்து லைனில், இடி மழைக்கு நடுவிலும் எண்கள் பிசகாமல் போய்ச் சேர வேண்டும் என்று பழக்கப்படுத்திய குரல். எக்ஸ்சேஞ்ச் மூடப்பட்டது. குரலை யாரும் மூடவில்லை.

"ஒரு வாரமா எல்லாச் சத்தமும் தகர டப்பாவுக்குள்ளேருந்து வருது," என்றார் டைம்கீப்பர்.

அக்கா இரண்டு மிஷினையும் கழற்றி வாங்கி, ஒயரில் மாட்டி மேஜைமேல் வைத்தார். மிஷின் இல்லாத டைம்கீப்பருக்குப் பஸ் வந்து இடித்தாலும் கேட்காது. அவர் நிம்மதியாகச் சுவரில் இருந்த வெட்டிய காதைப் பார்க்கத் தொடங்கினார். மனைவி அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில், திரை நன்றாகத் தெரியும்படி உட்கார்ந்தார்.

அக்கா விரலை வைத்து நடக்க ஆரம்பித்தார். வலது நடுவிரல். அதே விரல் ஒரு வரி மேலே. இடது நடுவிரல். இடது ஆள்காட்டி விரல். வலது சுண்டுவிரல். 'மனைவி' என்று வந்தது. அக்காவின் விரல்கள் அங்கேயே நின்றுவிட்டன. அடுத்து என்ன இருக்கிறது என்பது விரல் சொல்லாமலே ஞாபகம் வந்துவிட்டது.

"என்னம்மா, ஏதோ வேற பாஷையில இருக்கே," என்றார் மனைவி.

"ஆமாங்க. புது சிஸ்டம் போட்டதுல எழுத்து மாறிடுச்சு. ஒண்ணும் படிக்க முடியல," என்று அக்கா சொல்லி முடிக்கவும், படியில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

"அக்கா, கிடைச்சிடுச்சு," என்று பென்டிரைவோடு உள்ளே வந்தார் ஜெராக்ஸ் கடைக்காரர்.

"அப்புறமா வச்சுக்கலாமே, இப்ப ஆளு இருக்காங்க."

"ஒரே நிமிஷம்க்கா. நீங்கதானே கிடைச்சதும் நேரா வரச் சொன்னீங்க."

"பாவம், எழுத்து இல்லாம கஷ்டப்படறாங்க போல," என்று மனைவியும் பரிந்து பேசி, அவருக்கு வழிவிட்டு நாற்காலியை நகர்த்தினார். நகர்த்தியதில் திரை இன்னும் நன்றாகத் தெரிந்தது.

ஜெராக்ஸ் கடைக்காரர் பென்டிரைவைச் செருகி, எழுத்துருவை நிறுவி, "மூடித் திறந்தாத்தான் வரும்" என்று மென்பொருளை மூடித் திறந்தார். அது கடைசியாகப் பார்த்த ஆளையே திறந்து காட்டியது. கட்டத்தில் இருந்த எழுத்தெல்லாம் சுத்தமான தமிழாகி நின்றது. கண்ணாடி கூட வேண்டியிருக்கவில்லை. மனைவி படித்தார், எண் வாசிக்கும் அதே குரலில்.

"மனைவியின் குரலை இரண்டு படி குறைக்கச் சொன்னார். மனைவிக்குத் தெரிய வேண்டாம் என்றார். குறைத்தேன். மூன்று படி."

டைம்கீப்பர் வெட்டிய காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் தன் பென்டிரைவைப் பார்த்தார்.

"இது எந்த வருஷம்?" என்றார் மனைவி.

"ஒம்பது வருஷம் ஆச்சுங்க."

"ரெண்டு படி அவர் கேட்டாரு. மூணாவது படி யார் கேட்டது?"

அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியும். ஆனால் நேரம் ஆகும். "யாரும் கேக்கலங்க. நானாத்தான் வச்சேன்."

"ஏன்?"

"அன்னிக்கு நீங்களும் கூட வந்திருந்தீங்க."

"முப்பத்தொரு வருஷம் லைன்ல இருந்திருக்கேன். ஒருத்தர்கூடக் குரலைக் குறைங்கன்னு சொன்னதில்ல."

"அவங்க சொல்ல நேரம் கிடைச்சிருக்காது," என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர். இரண்டு பெண்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கீழே கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்தது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

அவர் போன பிறகும் மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கட்டத்தில் இன்னும் சில வரிகள் இருந்தன. அவற்றை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. அக்காவும் சேர்ந்து படித்தார். எழுதியதே மறந்துபோயிருந்தது. 'மனைவி தங்கை வீட்டில் ஆறு வாரம். பேட்டரி தீரவே இல்லை. ஏன் என்று கேட்டேன். மிஷினே போடவில்லையாம். போட்டுக் கேட்க வீட்டில் ஒன்றும் இல்லை என்றார்.'

பின்னறைக் கதவு சரியாகச் சாத்தாமல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மனைவி கைப்பையைத் திறந்தார், உள்ளே எதையோ தேடினார், எடுக்காமல் மூடினார்.

"ஒரு படி ஏத்தி விடும்மா," என்றார்.

"மூணையும் ஏத்திடட்டுமா?"

"வேண்டாம். ஒண்ணு போதும். அவருக்குத் தெரிய வேண்டாம்."

அக்கா ஒரு படி ஏற்றினார். தகர டப்பாச் சத்தத்துக்குக் காரணம் மிஷின் குழாயில் அடைத்திருந்த அழுக்கு. அதையும் எடுத்துவிட்டு இரண்டு மிஷினையும் டைம்கீப்பர் காதுகளில் மாட்டினார்.

"கேக்குதா?" என்றார் மனைவி, தன்னால் முடிந்த அளவு மெதுவாக.

டைம்கீப்பர் தலையை இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்தார். "கேக்குது. டப்பா போயிடுச்சு." பிறகு அக்கா பக்கம் திரும்பி, "புது சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அவர்கள் படியிறங்கிப் போகும்வரை அக்கா காத்திருந்து, மேஜையை இழுத்துத் திரை சுவர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பிப் போட்டார். உட்கார்ந்து பார்த்தபோது திருப்தி வரவில்லை. சாயங்காலம் ஜெராக்ஸ் கடைக்காரரை மறுபடி மேலே கூப்பிட்டார். அவர் இந்தத் தடவை கதவைத் தட்டிவிட்டு வந்தார்.

"அந்த எழுத்துருவை எடுத்துடுங்க."

"நேத்துலேருந்து தேடிக் கண்டுபிடிச்சேன்க்கா."

"தெரியும். எடுத்துடுங்க."

"அப்புறம் எப்படிப் படிப்பீங்க?"

"நான் பாத்துக்கறேன்."

எடுத்துக்கொடுத்தார். அடுத்த மூன்று மாதம், ஆள் இல்லாத மத்தியானங்களில், அக்கா குறிப்புகளை, அந்த எழுத்துரு இல்லாமலே தமிழாகத் தெரியும் புதிய முறையில் மறுபடி அடித்தார். பல் சத்தம், மழைச் சத்தம், வலது இடது என யார் பார்த்தாலும் பாதகமில்லாதவை எல்லாம் தெளிவான தமிழுக்கு வந்தன. மற்றவற்றை எஃப், எச், ஜே என்றே விட்டுவிட்டார். அப்படி விட்டவை மொத்தம் எழுபத்திரண்டு. அவ்வளவு பேர் அவ்வளவு சொல்லியிருந்தார்கள் என்பது எண்ணிப் பார்த்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. டைம்கீப்பர் கட்டத்தில், 'ஒரு படி ஏற்றினேன். கேட்டது மனைவி' என்பதையும் விரல் கணக்கிலேயே அடித்துச் சேர்த்தார்.

வருஷக் கடைசியில் கம்பெனியின் சர்வீஸ் ஆள் போனில் வந்தார். எங்கோ இருந்தபடியே லேப்டாப்புக்குள் நுழைந்து எல்லாவற்றையும் சோதித்தார். அக்கா திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இவ்வளவு பழைய லேப்டாப்ல புதுசு நல்லாவே ஓடுது," என்றார். பிறகு அம்பு ஒரு கட்டத்தின் மேல் நின்றது. "ஆனா சில பேரோட நோட்ஸ் கெட்டுப் போயிருக்கு. வெறும் குப்பையா இருக்கு. சுத்தமா அழிச்சிடட்டுமா?"

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

"படிக்க முடியாதே மேடம்."

"முடியாதுதான்," என்றார் அக்கா.

அம்பு சற்று நேரம் அங்கேயே நின்றது. அப்புறம் நகர்ந்துபோய், கடிகாரம் நான்கு நிமிஷம் பின்தங்கி ஓடுவதைக் கண்டுபிடித்து அதைச் சரிசெய்தது.